வேலைக்குப் போகிறவருக்கு எத்தனை கிலோ டெட்லிஃப்ட் காணும்?

இலங்கையின் கிழக்கில் கல்லடியோ காத்தான்குடியோ கல்முனையோ, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஜிம்முக்குள் வருகிறவர்களில் பலர் வேலை முடிந்து நேரே வருகிறவர்கள். கந்தோர், பள்ளிக்கூடம், பேங்க், கடை, வைத்தியசாலை டியூட்டி என்று ஒரு நாளை முடித்துவிட்டு, கிழமைக்கு ரெண்டு நாள், கூடினால் மூன்று நாள், முக்கால் மணித்தியாலம் பாரைப் பிடித்துவிட்டு வீட்டுக்கு ஓடுகிறவர்கள். போட்டிக்குப் போகிற எண்ணம் எல்லாம் கிடையாது. ஆனாலும் ஒரு கட்டத்தில் கேட்பார்கள்: "அண்ணா, நான் தூக்கிறது காணுமா? எத்தனை கிலோ தூக்கினா டெட்லிஃப்ட் பரவாயில்லை என்று சொல்லலாம்?"

நிலத்தில் கிடக்கும் தட்டுக் கோர்த்த இரும்புப் பாரைக் குனிந்து பிடித்து, நேரே நிமிர்ந்து நிற்கும்வரைக்கும் எழுப்புவதுதான் டெட்லிஃப்ட். நியாயமான கேள்வி. பதில்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருவர் 100 கிலோ காணும் என்பார், ஒருவர் 140க்குக் கீழே கணக்கிலேயே இல்லை என்பார், இன்னொருவர் உடல் நிறையின் ரெண்டு மடங்கு என்று அடித்துச் சொல்வார், யூடியூப்பைத் திறந்தால் இருபது வயதுப் பொடியன் 250 கிலோவை எழுப்பிக் காட்டுவான். இதில் எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறோமோ அதைப் பொறுத்து அதே ஆள் பலசாலியாகவும் தெரிவார், நேற்றுச் சேர்ந்தவர் மாதிரியும் தெரிவார். ஆகவே கிலோவைக் கதைக்க முதல் அளவுகோலைத் தெரிவு செய்ய வேண்டும்.

என் தெரிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆண் என்றால் உடல் நிறையின் ஒன்றரை மடங்கு, பெண் என்றால் தன் உடல் நிறை, ரெண்டுமே ஒரு தரம் இல்லை, சுத்தமாக ஐந்து தரம், அதுவும் வேலை முடிந்து களைத்து வந்த ஒரு சாதாரண நாளில். இதைத்தான் நான் மரியாதையான டெட்லிஃப்ட் என்பேன். மற்ற அளவுகோல்களை ஏன் பின்னுக்குத் தள்ளுகிறேன் என்பதுதான் இனி.

தட்டுக் கணக்கு

எல்லாருக்கும் முதலில் தெரிய வருவது இதுதான். 20 கிலோ ஒலிம்பிக் பார், பக்கத்துக்கு ஒரு 20 கிலோ தட்டு போட்டால் 60, ரெண்டு போட்டால் 100, மூன்றுக்கு 140, நாலுக்கு 180. லேசாக விளங்கும், எந்த ஊர் ஜிம்மிலும் இதே கதை. முதல் தரம் 100ஐ எழுப்புகிற நாள் யாருக்கும் மறக்காது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனால் இலக்காக வைத்தால் இது நியாயமில்லாத கணக்கு. 58 கிலோ இருக்கிற பொடியனுக்கு 140 என்பது தன் நிறையின் ரெண்டே கால் மடங்குக்கும் மேலே, வருடக்கணக்கான உழைப்பு. 95 கிலோ ஆளுக்கு அதே 140 ஒன்றரை மடங்கைக்கூடத் தொடவில்லை. ரெண்டு பேரும் பக்கத்தில் நின்று தூக்கும்போது சுற்றி நிற்கிறவர்கள் பார்ப்பது தட்டை மட்டும்தான், மெலிந்த பொடியன் தன் அளவுக்கு எவ்வளவு பெரிய வேலை செய்கிறான் என்பது யாருக்கும் தெரிவதில்லை.

இன்னொரு சிக்கல் நம் பக்கத்து ஜிம்களில் பெரிய சிக்கல். சாமானே தரப்படி இருக்காது. போட்டித் தட்டின் விட்டம் 45 சென்றிமீற்றர், அதனால் பாரின் நடு நிலத்தில் இருந்து 22.5 சென்றிமீற்றர் உயரத்தில் நிற்கும். பல இடங்களில் இருப்பது சின்ன விட்டத்து இரும்புத் தட்டு. 10 கிலோ, 15 கிலோ தட்டுகளாக அடுக்கினால் பார் கணுக்காலுக்குக் கிட்டப் போய்விடும், அவ்வளவு கீழே குனிந்து எடுப்பது வேறொரு உடற்பயிற்சி. நாரி வளையாமல் அந்த உயரத்துக்குப் போக முடியாதவர்கள் நிறையப் பேர். சரி, அதற்கு வழி இருக்கிறது: ரெண்டு பக்கமும் தட்டுக்குக் கீழே பலகைத் துண்டோ பழைய தட்டோ வைத்து, பாரின் நடு நிலத்தில் இருந்து ஒன்பது அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வருமளவுக்கு உயர்த்திக்கொள்ளுங்கள். ஒரு அளவுநாடா போதும்.

பாரும் அப்படித்தான். மெல்லிய பாரை 20 கிலோ என்று கணக்குப் போட்டுக்கொண்டு இருப்போம், உண்மையில் அது 10 கிலோவுக்குக் கிட்டத்தான் இருக்கும். குளியலறைத் தராசில் ஏறி நின்று ஒரு தரம் நிறுத்துவிட்டு, பாரைப் பிடித்தபடி இன்னொரு தரம் நிறுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். தட்டுகளையும் ஒருநாள் அப்படி நிறுத்துப் பாருங்கள். பெயின்ட் அடித்து மேலே கையால் "20" என்று எழுதி வைத்திருக்கும் தட்டு 20 கிலோதான் என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

இணையத்துத் தர அட்டவணைகள்

வயதையும் நிறையையும் கொடுத்தால் "நீங்கள் இடைநிலை", "நீங்கள் தொடக்கநிலை" என்று சொல்லும் பக்கங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றைப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அங்கே தங்கள் இலக்கத்தைப் பதிகிறவர்கள் யார் என்று யோசியுங்கள். பதியுமளவுக்கு ஆர்வம் உள்ளவர்கள், பெரும்பாலும் தங்கள் வாழ்நாளின் சிறந்த நாளைப் பதிகிறவர்கள், அதை யாரும் போய்ச் சரிபார்ப்பதும் இல்லை. ரெண்டு பிள்ளைகளோடு, டியூட்டி மாறி மாறி வரும் ஒருவர் தன்னை அந்தக் கூட்டத்தின் நடுப்புள்ளியோடு ஒப்பிட்டு மனம் நோவது தேவையில்லாத வேலை. போட்டி அட்டவணைகளும் அதே மாதிரித்தான், பல மாதம் ஒரே ஒரு நாளுக்காகத் தயாரான உடம்பின் இலக்கம் அது. ஸ்ட்ராங்மேன் போட்டிக்காரர்களான எடி ஹால் 2016இல் 500 கிலோவும், ஹாஃப்தோர் பியோர்ன்சன் 2020இல் 501 கிலோவும் தூக்கினார்கள். பார்த்து வியக்கலாம், ஆனால் நம் இலக்கைப் பற்றி அவை ஒன்றும் சொல்லாது.

உடல் நிறையின் மடங்கு

தட்டுக் கணக்கைவிட இது எவ்வளவோ நியாயம். என்னுடைய அளவுகோலின் பாதி இதில் இருந்துதான் வருகிறது. நான் கதைக்கும் கிழமைக்கு ரெண்டு நாள் ஆட்களுக்கு இப்படிப் பிரிப்பேன்: சுகதேகியான ஆண் ஒருவர் ஒழுங்காகப் பழகிச் சில மாதத்தில் தன் நிறையைத் தூக்க வேண்டும், ஒன்றரை மடங்கு என்பது ஒரு வருடமோ அதற்குச் சற்றுக் கூடவோ பிடிக்கும் நல்ல இலக்கு, ரெண்டு மடங்கு என்பது சில வருடம் விடாமல் பழகினவர்களுக்கு. ரெண்டரை மடங்குக்கு மேலே போக வேண்டும் என்றால் நித்திரை, சாப்பாடு, நேரம் எல்லாவற்றையும் அதற்காகவே ஒழுங்குபடுத்த வேண்டி வரும். நம் ஆட்களில் பலருக்கு அந்த விலை கட்டாது.

இதிலும் ஓட்டைகள் உண்டு. மடங்குக் கணக்கு மெலிந்தவர்கள் பக்கம் சாயும். உடம்பு பெருக்கும்போது நிறை கூடும் வேகத்துக்குப் பலம் கூடுவதில்லை, ஏனென்றால் பலம் தசையின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது, நிறையோ முழுக் கனவளவைப் பொறுத்தது. லாமார் காண்ட் என்ற அமெரிக்கர் 1985இல் 60 கிலோ உடம்போடு 300 கிலோ தூக்கினார், தன் நிறையின் ஐந்து மடங்கு, அதுவும் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்த நிலையோடு. 120 கிலோ ஆள் எவனும் 600 தூக்கியதில்லை. நீண்ட கை உள்ளவர்களுக்கும் டெட்லிஃப்ட் லேசு, கை கட்டையாக இருந்தால் இன்னும் கீழே குனிய வேண்டும்.

அப்புறம் வயிறு. 172 சென்றிமீற்றர் உயரத்தில் 95 கிலோ இருக்கிற ஒருவரிடம், ஒன்றரை மடங்கு, 142.5 கிலோ தூக்கு என்றால் அவருடைய கொழுப்புக்கும் சேர்த்துத் தூக்கச் சொல்வது மாதிரி. அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்லும் சின்ன வழி, உயரத்தைச் சென்றிமீற்றரில் எடுத்து 100ஐக் கழியுங்கள், வருகிற இலக்கத்தை உங்கள் நிறையாக எடுங்கள். 172 என்றால் 72, ஒன்றரை மடங்கு 108. இது விஞ்ஞானத் தராசு இல்லை, ஆனால் கட்டக்கூடிய இலக்காக இருக்கிறது.

ஒரு தரமா, ஐந்து தரமா

இந்த இடத்தில்தான் எனக்கு மற்றவர்களோடு அதிகம் முரண்பாடு. ஒரு தரம் மட்டும் தூக்கும் உச்ச நிறையை வைத்துத்தான் எல்லாரும் கதைக்கிறார்கள், கேட்கும்போதும் "மேக்ஸ் எவ்வளவு?" என்றுதான் கேட்கிறார்கள். வேலைக்குப் போகிற ஆளுக்கு அது பொருந்தாத கேள்வி.

உச்ச நிறை என்பது அந்த ஒரு நாளின் கதை. முதல் நாள் நன்றாக நித்திரை, வயிறு நிறையச் சோறு, சிநேகிதர்கள் சுற்றி நின்று கத்தல், பெல்ட், கையைப் பாரோடு சுற்றிக் கட்டும் ஸ்ட்ராப், எல்லாம் சேர்ந்தால் ஒரு இலக்கம் வரும். மூன்று கிழமை கழித்து மாதக் கடைசி வேலையில் களைத்துப்போய் வந்து நின்றால் அதே இலக்கம் நிலத்தைவிட்டு அசையாது. அப்போது எது உங்கள் பலம்? என்னைக் கேட்டால் ரெண்டாவது நாளில் எவ்வளவு தூக்க முடிகிறதோ அதுதான், அந்தப் பலத்தோடுதான் நீங்கள் வீட்டில் அலுமாரியை நகர்த்துகிறீர்கள், சீமெந்துப் பையை இறக்குகிறீர்கள், நித்திரையான பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறீர்கள்.

பாதுகாப்பும் ஒரு காரணம். உச்சத்தில் தூக்கும்போது முதலில் உடைவது ஒழுங்கு. இடுப்பு முந்தி எழும்பும், பார் முழங்காலைத் தாண்ட முதலே முதுகு வளையும், தொடையில் பாரை வைத்து இழுத்து இழுத்து ஏற்றுவார்கள். நாரி பிடித்தால் போட்டிக்காரர் ஒரு பருவத்தை இழப்பார், நீங்கள் சம்பளத்தை இழப்பீர்கள், மோட்டார் சைக்கிளில் ஏறக்கூட ஏலாமல் ஒரு கிழமை கிடப்பீர்கள்.

ஐந்து தரம் என்றால் பொய் சொல்ல இடமில்லை. மூன்றாவதிலேயே உங்கள் ஒழுங்கு எப்படி என்று வெளியே தெரிந்துவிடும். சுத்தமான ஐந்து என்று நான் சொல்வது இதை: பார் கால் எலும்போடு உரசுகிற அளவுக்குக் கிட்ட இருக்க வேண்டும், பாதத்தின் நடுவுக்கு நேரே. இழுக்க முதல் பாரில் உள்ள தளர்வை எடுக்க வேண்டும், தட்டுக்குள் பார் முட்டும் சின்னச் சத்தம் ஒன்று கேட்கும், அது கேட்ட பிறகுதான் நிலத்தைக் காலால் தள்ள வேண்டும். இடுப்பும் தோளும் ஒன்றாக எழும்ப வேண்டும். மேலே போனதும் நிமிர்ந்து நிற்பது போதும், பின்னுக்கு வளையத் தேவையில்லை. இறக்கும்போது கையோடு கொண்டுபோய் வைக்க வேண்டும், ஒவ்வொரு தரமும் தட்டு நிலத்தில் நின்று ஓய வேண்டும். தட்டை நிலத்தில் அடித்து அது துள்ளும் வேகத்தில் அடுத்ததை எடுத்தால் அது எண்ணிக்கையில் சேராது. ஐந்தாவது தரம் முதலாவதைவிட மெதுவாக வரலாம், ஆனால் பார்க்கிறவனுக்கு ஒரே அசைவாகத் தெரிய வேண்டும்.

உச்சத்தைத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும் ஐந்தில் இருந்து போகலாம். எப்லி சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது: தூக்கின தடவையை 30ஆல் பிரித்து, ஒன்றைக் கூட்டி, நிறையால் பெருக்குவது. 80 கிலோ ஆள் ஒன்றரை மடங்கான 120ஐ ஐந்து தரம் தூக்கினால் கணக்கு 140க்கு வருகிறது. அதாவது தட்டுக் கணக்குக்காரர்கள் கேட்கிற அந்த மூன்று தட்டும் இதற்குள்ளேயே இருக்கிறது, உடம்பைப் பணயம் வைக்காமல். 70 கிலோ ஆளுக்கு 105ஐ ஐந்து தரம், உச்சம் 122 போல, ஒன்றே முக்கால் மடங்கு. கிழமைக்கு ரெண்டு நாள் வருகிறவருக்கு இது குறைவான இலக்கம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பிடியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பின்னேரத்து ஈரக் காற்றில் உள்ளங்கை வியர்த்து, நாலாவது தரத்தில் பார் விரல் நுனிக்கு உருளத் தொடங்கும், முதுகிலும் காலிலும் இன்னும் பலம் மிச்சம் இருக்கும்போதே. சோக் தூளுக்குப் பல ஜிம்மில் விடமாட்டார்கள். துவாயால் கையையும் பாரையும் துடைப்பது, ஒரு கையை உள்ளங்கை வெளியே பார்க்கத் திருப்பிப் பிடிப்பது, கடைசி செட்டுக்கு மட்டும் ஸ்ட்ராப் போடுவது, எல்லாமே எனக்குச் சரி. பவர்லிஃப்டிங் போட்டியில் ஸ்ட்ராப் கூடாது, ஸ்ட்ராங்மேன் போட்டியில் கூடும், ஹாலும் பியோர்ன்சனும் ஸ்ட்ராப்போடுதான் தூக்கினார்கள். வெறும் கையால் எவ்வளவு, ஸ்ட்ராப்போடு எவ்வளவு என்று ரெண்டையும் தனித்தனியே குறித்துவைத்தால் காணும்.

காலை அகட்டி நின்று தூக்கும் சுமோவும் எண்ணிக்கையில் சேரும், அதை ஏமாற்று வேலை என்பவர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். நடுவில் நின்று தூக்கும் அறுகோண ட்ராப் பார் இருக்கிற ஜிம் கிடைத்தால் நாரிப் பிரச்சினை உள்ளவர்கள் அதையே எடுக்கலாம், ஆனால் அதில் பெரும்பாலானவர்களுக்குக் கூட நிறை வரும் என்பதால் அந்த இலக்கத்தைச் சாதாரணப் பாரின் இலக்கத்தோடு கலக்காமல் இருக்க வேண்டும்.

பெண்களுக்கும், நாற்பது தாண்டினவர்களுக்கும்

பெண்களுக்குத் தன் நிறையை ஐந்து தரம் என்றேன். 55 கிலோ என்றால் 55. தொடக்கத்தில் பெரிதாகத் தெரியும், ஆனால் ஒழுங்காக ஏற்றிக்கொண்டு போனால் வரும். பாரம் தூக்கினால் கர்ப்பப்பை இறங்கும், உடம்பு ஆம்பிளை மாதிரி ஆகிவிடும் என்று சொல்லியே நம் வீடுகளில் பெண்களைப் பாரத்தில் இருந்து தள்ளி வைத்துவிடுகிறார்கள், அதே வீட்டில் அவர்கள்தான் தண்ணீர்க் குடமும் அரிசி மூடையும் தூக்குகிறார்கள். ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், முடிவு 2018இல் வெளிவந்தது. கிழமைக்கு ரெண்டு நாள், அரை மணித்தியாலம், எட்டு மாதம், பயிற்றுநரின் மேற்பார்வையோடு டெட்லிஃப்ட், ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புவது), தலைக்கு மேல் பிரஸ் எல்லாம் பாரமாகவே செய்தார்கள். முள்ளந்தண்டின் எலும்பு அடர்த்தி கூடியது. அம்மாவையோ அக்காவையோ ஜிம்முக்குக் கூட்டிப்போக யோசிக்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே பிரசவத்துக்குப் பிறகு அடிவயிறு இறங்குவது மாதிரி இருக்கிறவர்கள் மட்டும் முதலில் வைத்தியரிடம் கதைத்துவிட்டு வரட்டும்.

நாற்பது தாண்டினவர்களில் பிரஷரும் சீனியும் இல்லாதவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. மூச்சை அடக்கிப் பாரம் தூக்கும்போது இரத்த அழுத்தம் அந்தச் சில செக்கனுக்கு மிகவும் ஏறும். பக்கத்து அரச வைத்தியசாலையில் காசில்லாமலே பார்க்கலாம், பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இவர்களுக்கு ஒன்றே கால் மடங்கை எட்டுத் தரம் தூக்குவதும் எனக்கு ஒன்றரையை ஐந்து தரம் தூக்கினதற்குச் சமம்தான். நாரி வலி காலுக்குள் இறங்கி விறைப்பும் சேர்ந்தால் அந்த நாளோடு நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள், ஜிம்மில் இருக்கிறவர்களின் ஆலோசனை அதற்கு உதவாது.

அறுவடைக் காலத்தில் படுவான்கரையிலும் சம்மாந்துறைப் பக்கத்திலும் நெல் மூடை ஏற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவரை ஜிம்முக்குக் கூட்டிவந்து 140ஐக் காட்டினால் முதல் நாளே எழுப்புவார் என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் இருந்து பின்னேரம் வரைக்கும் மூடையை முதுகில் வைத்துப் பலகையில் ஏறி இறங்குவார், 140 தூக்குகிற நம்மால் அதை அரை மணித்தியாலம் செய்ய ஏலாது. எந்த நாளும் கைக்கு வருகிற பலத்துக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்கு அவர்களும் ஒரு காரணம்.

ரெண்டு நாளில் எப்படிப் பிடிப்பது

ஒரு நாள் டெட்லிஃப்ட், மற்ற நாள் ஸ்குவாட்டோடு லேசான ரொமேனியன் டெட்லிஃப்ட் (பாரை நிலத்தில் வைக்காமல், முழங்காலைக் கொஞ்சம் மட்டும் மடித்து, இடுப்பில் இருந்து குனிந்து நிமிர்வது). இலக்கு 105 என்றால் 60இல் ஐந்து, 80இல் மூன்று, 95இல் ஒன்று, பிறகு 105இல் ஐந்து, அதற்குப் பிறகு 90க்கு இறக்கி எட்டு. இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கிழமைக்கு 2.5 கிலோ ஏற்றலாம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும், ஆனால் அதற்கு 1.25 கிலோ தட்டு வேண்டும், நம் பக்கம் பல ஜிம்மில் அது காணக் கிடைக்காது. அப்படியென்றால் அதே நிறையில் ஐந்தை ஆறாக்குங்கள், ஆறை ஏழாக்குங்கள், ஏழு சுத்தமாக வந்தால் 5 கிலோ ஏற்றி மறுபடியும் ஐந்தில் தொடங்குங்கள்.

சாப்பாட்டுக்குப் பவுடர் தேவையில்லை. நிறையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் தாராளம், 70 கிலோ ஆளுக்கு 112 கிராம், முட்டையும் மீனும் பருப்பும் தயிரும் சேர்ந்தால் அது கிடைத்துவிடும்.

விடுபடும் கிழமைகளை முன்னமே கணக்கில் எடுங்கள். மாரியில் நவம்பரில் இருந்து ஜனவரி வரைக்கும் வெள்ளமும் கரண்ட் வெட்டுமாக ஜிம் போகாத நாட்கள் வரும். ரெண்டு கிழமை விட்டால் பத்து வீதம் குறைத்துத் தொடங்குங்கள், சீக்கிரமே பழைய இடத்துக்கு வந்துவிடலாம். நோன்பு காலத்தில் நிறையை ஏற்றாமல், இருப்பதைக் காப்பாற்றினால் போதும், நோன்பு திறந்து தராவீஹ் தொழுகை முடிந்த பிறகு ஒரே ஒரு கடின செட், கிழமைக்கு ஒரு நாள்.

ஒன்றரை மடங்கு ஐந்து தரம் வந்த பிறகு ரெண்டு மடங்குக்குப் போவதா என்றும் கேட்பார்கள். பாரம் தூக்குவதே உங்களுக்கு ஆசை என்றால் போங்கள், தாராளமாக. இல்லாவிட்டால் நான் அந்த இலக்கத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு மிஞ்சும் நேரத்தை நடைக்குக் கொடுக்கச் சொல்வேன். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது கிழமைக்கு ரெண்டு நாள் தசைப் பயிற்சியோடு 150 நிமிடமாவது மிதமான அசைவும் வேண்டும் என்று. டெட்லிஃப்ட் 140 தூக்கிவிட்டு கல்லடிப் பாலத்தைக் கால்நடையாகக் கடக்க மூச்சு வாங்குகிறவர்களுக்கு அடுத்த 20 கிலோவைவிட அந்த 150 நிமிடம்தான் அவசரம்.